கழிவுநீர் அளவீட்டுத் தரவும் கோப்புப் பதிவேற்றமும்: ஆம்பூர், வேலூர்த் தோல் தொழில் வட்டாரத்தை முன்வைத்து ரெஸ்ட் இணையச் சேவை குறித்த விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தோல் பதனிடும் தொழிற்சாலைகளும் அவற்றின் பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் தம் அளவீடுகளை இணையவழியாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களுக்கு அனுப்ப வேண்டும் என்பது இன்று நடைமுறை. இவ்வாறு அனுப்பப்படுவனவற்றுள் எண்களும் உண்டு. ஒளிப்படம், ஆய்வக அறிக்கை முதலிய கோப்புகளும் உண்டு. ரெஸ்ட் முறையில் அமைந்த இணையச் சேவை இவ்விரண்டையும் எவ்வாறு பெறவும் சரிபார்க்கவும் சேமிக்கவும் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. சேவையகத்திற்கு வரும் கோரிக்கை ஓர் உண்மையன்று, ஓர் உரிமைகோரலே. அதனைச் சோதித்து, ஒருமுறை மட்டும் பதிந்து, பற்றுச்சீட்டு வழங்குவதே சேவையின் கடமை என்பது இக்கட்டுரையின் மையக் கருத்து.

திறவுச் சொற்கள்: ரெஸ்ட், கோப்புப் பதிவேற்றம், பல்கூறு வடிவம், கழிவுநீர் அளவீடு, ஒருங்குறி, ஆம்பூர், பாலாறு.

1. முன்னுரை

பாலாற்றுப் படுகையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் பதனிடுதலாலும் காலணி ஏற்றுமதியாலும் அறியப்பட்டவை. இத்தொழிலின் கழிவுநீர் கிணறுகளையும் விளைநிலங்களையும் பாதித்தது குறித்த வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் கோட்பாடும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என அத்தீர்ப்பு நிறுவியது. இதே வட்டாரத்தின் மாசு குறித்து உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது.

இவ்விரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் கண்காணிப்பின் கருவி மாறியது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014 பிப்ரவரி 5 அன்று, மிகுதியாக மாசுபடுத்தும் 17 வகைத் தொழில்களும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இணையவழித் தொடர் அளவீட்டுக் கருவிகளை நிறுவச் செய்யுமாறு மாநில வாரியங்களுக்கு ஆணையிட்டது. அப்பதினேழனுள் தோல் பதனிடுதலும் ஒன்று. ஆகவே, கழிவுநீர்க் குழாயின் முனையில் நிகழ்வது இன்று ஓர் இணையக் கோரிக்கையாக மாறிச் சேவையகத்தை அடைகிறது. அக்கோரிக்கையைப் பெறும் மென்பொருளின் குறை, ஆற்றைப் பற்றிய அறிவின் குறையாகிவிடும். இதனாலேயே நிரலாக்க நூல்களில் ஓர் உட்பிரிவாக அமையும் இப்பொருள் இங்குத் தனிக் கவனம் பெறுகிறது.

இங்கு விளக்கப்படும் வடிவமைப்பு எந்த ஒரு வாரியத்தின் மென்பொருளையும் குறிப்பதன்று. பொது இணைய நெறிகளின்படி அமைந்த ஒரு மாதிரியே ஆகும்.

2. அனுப்பப்படும் பொருளின் இருவகை

பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவனவற்றை இரண்டாகப் பகுக்கலாம். முதலாவது அளவீட்டுத் தரவு. நீரோட்ட அளவு, அமில காரத்தன்மை, மிதக்கும் திடப்பொருள், வேதி ஆக்சிஜன் தேவை, உயிரிய ஆக்சிஜன் தேவை, குரோமியம் ஆகியவை இதில் அடங்கும். பதினைந்து நிமிடத்திற்கு ஒரு சராசரி எனக் கொண்டால், ஒவ்வோர் அளவுருவுக்கும் நாளொன்றுக்கு 96 பதிவுகள் உண்டாகும். ஒவ்வொரு பதிவும் சில நூறு பைட்டுகளே. ஆனால் எண்ணிக்கை மிகுதி.

இரண்டாவது கோப்பு. கழிவுநீரை வெளியேற்றாமல் முழுவதும் மீட்கும் நிலையங்களில் ஓட்ட அளவிகளோடு கண்காணிப்புப் படக்கருவியும் பொருத்தப்படுவதால் ஒளிப்படங்கள் வருகின்றன. ஆய்வக அறிக்கை, கருவியின் அளவுத்திருத்தச் சான்றிதழ் ஆகியன பிடிஎஃப் கோப்புகளாக வருகின்றன. இவற்றின் எண்ணிக்கை குறைவு; அளவு பெரிது. தரவை உடனே படித்து ஒப்பிட முடியும். கோப்பை மனிதர் ஒருவர் திறந்து பார்த்தல் வேண்டும். இயல்பில் வேறான இவ்விரண்டையும் ஒரே வழியில் பெற முயல்வதே பல சேவைகளின் இடர்ப்பாட்டுக்குத் தொடக்கம்.

3. வளங்களுக்குப் பெயரிடுதல்

ரெஸ்ட் என்னும் கட்டமைப்பு முறையை ராய் ஃபீல்டிங் 2000ஆம் ஆண்டில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்திற்கு அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் வரையறுத்தார். இம்முறையில் ஒவ்வொரு பொருளும் ஒரு வளம். ஒவ்வொரு வளத்திற்கும் ஒரு முகவரி உண்டு. கெட், போஸ்ட், புட், டெலீட் எனும் வினைகள் அனைத்து வளங்களுக்கும் பொதுவானவை. நிலையம் ஒரு வளம். அந்நிலையத்தின் அளவீடுகள் ஒரு தொகுதி வளம். அதன் கோப்புகள் மற்றொரு தொகுதி. எனவே முகவரி "/நிலையங்கள்/17/அளவீடுகள்" எனவும் "/நிலையங்கள்/17/கோப்புகள்" எனவும் அமையும்.

முகவரியில் மாறக்கூடிய செய்தியைச் சேர்த்தல் கூடாது. இதற்கு இவ்வட்டாரமே தக்க சான்று. 2019ஆம் ஆண்டில் வேலூர் மாவட்டம் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. "/வேலூர்/ஆம்பூர்/17" என்று முகவரி அமைத்திருந்தால், அந்நாளில் ஒன்று முகவரி பொய்யாகியிருக்கும், அல்லது பழைய பதிவுகளோடு தொடர்பு அறுந்திருக்கும். மாவட்டத்தை நிலையத்தின் பண்பாகத் தரவில் வைத்து, அது எந்நாள் முதல் எந்நாள் வரை பொருந்தும் என்பதையும் குறித்துவிட்டால் முகவரி நிலைபெறும்.

4. கோரிக்கையின் உறுப்புகளும் அவற்றிற்குரிய தரவும்

ஒரு கோரிக்கையில் தரவு வரக்கூடிய இடங்கள் நான்கு. முகவரிப் பாதை எந்த வளம் என்பதைச் சுட்டும். முகவரியின் இறுதியிலுள்ள வினவற் பகுதி, தேதி வரம்பு போன்ற வடிகட்டல்களுக்கு உரியது. தலைப்புத் தகவல், அனுப்புபவரின் அடையாளத்தையும் உள்ளடக்கத்தின் வகையையும் தாங்கும். உள்ளடக்கம் அளவீட்டையோ கோப்பையோ கொண்டிருக்கும். கடவுச்சொல்லை வினவற் பகுதியில் இடுதல் தவறு. இடையிலுள்ள கணினிகளின் பதிவேடுகளில் முகவரி முழுவதும் எழுதப்படுவதால் கடவுச்சொல்லும் அங்குத் தங்கிவிடும்.

அளவீட்டுத் தரவு பெரும்பாலும் ஜேசன் வடிவில் வரும். அதனைப் பெறும்போது மூன்று செய்திகள் கருதத்தக்கன.

முதலாவது, இன்மையும் சுழியமும் ஒன்றல்ல. உணரி பழுதுற்ற நேரத்தில் குரோமியத்தின் மதிப்பு 0 என அனுப்பப்பட்டால், நீர் தூயது என்று பதிவாகும். மதிப்பு இல்லை என்பதற்கு ஜேசனில் தனிக் குறி உண்டு. அதனோடு காரணமும் தனிப் புலத்தில் வருதல் வேண்டும். மென்பொருள் தானாக வெற்றிடத்தைச் சுழியமாக மாற்றுதல் கூடாது.

இரண்டாவது, அலகு. நீர்நிலையில் விடப்படும் கழிவுநீருக்கான பொது நியமத்தில் மொத்தக் குரோமியத்தின் வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஒரு கருவி மைக்ரோகிராமில் அளந்து எண்ணை மட்டும் அனுப்பினால் ஆயிரம் மடங்கு பிழை நேரும். ஆகவே அலகு இல்லாத மதிப்பைச் சேவை ஏற்றல் கூடாது.

மூன்றாவது, நேரம். இந்திய நேரம் உலகப் பொது நேரத்தினும் ஐந்தரை மணி முந்தியது. கருவி "02:00" என்று மட்டும் அனுப்ப, சேவையகம் அதனை உலக நேரமாகக் கொண்டால், அது இந்தியக் கணக்கில் காலை 07:30 எனத் தோன்றும். நள்ளிரவுக்குப் பின் நிகழ்ந்த மிகையளவு பட்டப்பகலில் நிகழ்ந்ததாகிவிடும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் தவறான வேளையில் செல்வார். நேர வேறுபாடான "+05:30" நேரத்தோடு சேர்ந்தே வருதல் வேண்டும்.

5. கோப்பைப் பெறும் மூன்று வழிகள்

முதல் வழி, கோப்பைப் பேஸ்64 முறையில் எழுத்துகளாக மாற்றி ஜேசனுக்குள்ளேயே இடுவது. இது எளிது, ஆயின் மூன்று பைட்டுகள் நான்கு எழுத்துகளாவதால் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடும். 300 கிலோபைட் ஒளிப்படம் 400 கிலோபைட் ஆகும். அத்துடன் முழு உள்ளடக்கமும் பொதுவாகச் சேவையகத்தின் நினைவகத்தில் ஏற்றப்படும். பல நிலையங்கள் ஒரே நேரத்தில் அனுப்பும்போது இது சுமையாகும். மிகச் சிறிய கோப்புகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

இரண்டாம் வழி, பல்கூறு வடிவம். இணைய உலாவியின் படிவங்கள் கோப்பை அனுப்பும் முறை இதுவே. ஆர்எஃப்சி 7578 என்னும் ஆவணம் 2015இல் இதனை வரையறுத்தது. ஒரே உள்ளடக்கம் எல்லைக் குறிகளால் பல கூறுகளாகப் பிரிக்கப்படும். ஒரு கூற்றில் அளவீட்டு விவரமும் மற்றொன்றில் படத்தின் மூல பைட்டுகளும் இருக்கலாம். கோப்பு வரவர அதனைத் துண்டுதுண்டாக வட்டில் எழுத இயலுவதால் நினைவகம் நிரம்பாது. எல்லைக் குறியை அனுப்பும் மென்பொருளே உருவாக்கித் தலைப்பில் அறிவிக்க வேண்டும். நிரலர் உள்ளடக்க வகையைத் தாமே எழுதிக் குறியை விட்டுவிட்டால், சேவையகத்தால் கூறுகளைப் பிரிக்க இயலாது.

மூன்றாம் வழி, கோப்பை முதலில் தனியே ஏற்றி அதற்கொரு குறிப்பு எண் பெற்று, பின்னர் அவ்வெண்ணைத் தரவில் குறிப்பிடுவது. இத்தோல் வட்டாரத்தின் ஏற்றுமதியாளர் இம்முறையை வேறொரு துறையில் அறிவர். இந்தியச் சுங்கத் துறையின் இ-சஞ்சித் ஏற்பாடு 2017இல் சென்னைச் சுங்க இல்லத்திலும் புதுதில்லி விமானச் சரக்கு வளாகத்திலும் இறக்குமதி ஆவணங்களுக்கான முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் ஏற்றுமதிக்கும் விரிந்தது. மின்கையொப்பமிட்ட ஆவணம் முதலில் பதிவேற்றப்படும். அதற்கொரு படிமக் குறிப்பு எண் கிடைக்கும். ஷிப்பிங் பில்லில் அந்த எண் மட்டும் குறிப்பிடப்படும்.

இம்மூன்றாம் வழியின் நன்மை பிரித்தலில் உள்ளது. இணைப்பு அறுந்து ஒளிப்படம் தடைப்பட்டாலும் அளவீடு தடைப்படாது. ஒரே அளவுத்திருத்தச் சான்றிதழை நூறு பதிவுகள் சுட்டலாம். நூறு முறை ஏற்றத் தேவையில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு: ஏற்றப்பட்டும் எந்தப் பதிவாலும் சுட்டப்படாத அனாதைக் கோப்புகள் சேரும். குறித்த கால வரம்பிற்குள் சுட்டப்படாதவற்றைத் தனியே பட்டியலிட்டு நீக்கும் ஒழுங்கு வேண்டும். அளவீடு அடிக்கடியும் கோப்பு அரிதாகவும் வரும் கழிவுநீர்க் கண்காணிப்பிற்கு இவ்வழியே மிகப் பொருத்தமானது.

6. ஏற்குமுன் சோதித்தல்

கோப்பைப் பற்றி அனுப்புபவர் கூறும் அளவு, வகை, பெயர் ஆகிய மூன்றும் உரிமைகோரல்களே. அளவின் உச்சவரம்பைத் தலைப்பில் அறிவித்த எண்ணைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாமல், வந்த பைட்டுகளை எண்ணிக்கொண்டே வந்து, வரம்பு கடந்த அக்கணமே நிறுத்துதல் வேண்டும். சுருக்கப்பட்ட கோப்பாயின் விரித்தபின் வரும் அளவிற்கும் வரம்பு வேண்டும்.

வகையைக் கோப்பின் பின்னொட்டால் அறிதல் கூடாது. ஜேபெக் படத்தின் முதலிரு பைட்டுகள் 255, 216 என அமையும். பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் விழுக்காட்டுக் குறியும் அவ்வடிவின் மூவெழுத்துப் பெயரும் நிற்கும். இத்தொடக்கக் குறிகள் பொருந்தாதவற்றை மறுக்கலாம். பொருந்தியவை அனைத்தும் தீங்கற்றவை என்பதும் இல்லை. ஆதலின் கோப்புகள், நிரல் இயங்கும் அடைவுக்குப் புறம்பான இடத்தில், இயக்கும் உரிமையின்றிச் சேமிக்கப்பட வேண்டும்.

பெயர் தமிழ்ச் சூழலில் தனி விளக்கம் பெறத்தக்கது. ஒருங்குறியில் "தோல்" என்னும் சொல்லை இருவகையாக எழுதலாம். ஓகார உயிர்மெய்க் குறியை ஒரே குறியெண்ணாகக் கொண்டால் சொல்லில் நான்கு குறியெண்கள் அமையும். அதனையே இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்துக் கொண்டால் ஐந்து ஆகும். யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியெண்ணும் மூன்று பைட்டு பெறுவதால் முன்னது 12 பைட்டு, பின்னது 15 பைட்டு. திரையில் இரண்டும் ஒன்றே; கணினிக்கு இருவேறு பெயர்கள். ஒரே நிலையம் இரு கணினிகளிலிருந்து அனுப்பும் "தோல்" அறிக்கை, தேடலில் ஒருமுறை கிடைத்து மறுமுறை கிடைக்காமற்போகும். இதற்குத் தீர்வு, பெயர்ப் புலங்கள் யாவற்றையும் பெற்றவுடன் ஒருங்குறியின் இணைந்த இயல்பு வடிவிற்கு மாற்றுதலாகும்.

பெயரின் நீளமும் கருதத்தக்கது. லினக்ஸ் கோப்பு முறைமைகள் பலவற்றில் பெயரின் வரம்பு 255 பைட்டு. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து. தமிழில் 85 குறியெண்ணே. ஆம்பூர் என்னும் பெயரே ஏழு குறியெண்களும் 21 பைட்டுகளும் கொள்வது. நிலையப் பெயர், தேதி, அறிக்கையின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்தால் வரம்பை எட்டுதல் அரிதன்று. மேலும், அனுப்பும் பெயரில் "../" போன்ற பாதைக் குறிகள் இருந்தால், கோப்பு எண்ணியிராத அடைவில் எழுதப்படலாம். எனவே சேமிக்கும் பெயரைச் சேவையகமே உருவாக்கி, அனுப்புபவர் தந்த பெயரைத் தரவுத்தளத்தில் ஒரு பண்பாக மட்டும் வைத்தல் தக்கது.

7. இணைப்பு அறுதல்: இரட்டிப்பும் தாமதமும்

அளவீட்டை அனுப்பிய கருவிக்கு மறுமொழி வராவிடில், கோரிக்கை சேரவில்லையா அல்லது சேர்ந்தபின் மறுமொழி மட்டும் தொலைந்ததா என்பதை அக்கருவியால் அறிய இயலாது. ஆகவே அது மீண்டும் அனுப்பும். போஸ்ட் வினை இயல்பில் ஒவ்வொரு முறையும் புதுப் பதிவை உண்டாக்கக்கூடியது. புட் வினையோ ஒரே கோரிக்கையைப் பலமுறை அனுப்பினும் ஒருமுறை அனுப்பிய விளைவையே தருவது. இதனை எச்டிடிபி பொருண்மை விதிகளைத் தொகுத்த ஆர்எஃப்சி 9110 (2022) வரையறுக்கிறது.

இவ்வேறுபாடு கழிவுநீர்க் கணக்கில் நேரடி விளைவுடையது. முழு மீட்பு நிலையத்தில் உள்வரும் கழிவுநீரும் மீட்கப்பட்ட நீரும் ஒன்றோடொன்று ஒப்பிடப்படும். மீட்கப்பட்ட நீரின் ஒரு பதினைந்து நிமிடப் பதிவு இருமுறை சேர்ந்தால், மீட்பு உண்மையினும் மிகுதியாகத் தோன்றும். கணக்கில் வராமல் எங்கோ சென்ற கழிவுநீர் அவ்வெண்ணின் பின்னே மறைந்துவிடும். இதனைத் தவிர்க்க, நிலையம், அளவுரு, அளவிட்ட நேரம் ஆகிய மூன்றையும் பதிவின் அடையாளமாக்கிப் புட் வினையால் அனுப்பலாம். போஸ்ட் வினையே வேண்டுமெனில், ஒவ்வொரு கோரிக்கைக்கும் கருவி ஒரு தனி எண் இட்டு, மீண்டும் அனுப்புங்கால் அதே எண்ணைத் தருதல் வேண்டும். அந்த எண்ணை முன்பே கண்ட சேவை, புதிதாகப் பதியாமல் பழைய மறுமொழியையே திருப்பித் தரும். அதே அடையாளத்தில் வேறு மதிப்பு வருமாயின் பழையதன்மேல் எழுதாமல் 409 என்னும் முரண்பாட்டுக் குறியீட்டால் மறுத்து, திருத்தத்திற்குத் தனி வழி அமைப்பதே நேர்மையான முறை.

இணைப்பு நெடுநேரம் அறுந்திருப்பின் கருவி தன்னகத்தே சேமித்துப் பின்னர் அனுப்பும். அப்போது அளவிட்ட நேரம், பெறப்பட்ட நேரம் என இரண்டும் தேவை. முன்னதைக் கருவி தரும். பின்னதைச் சேவையகமே இடும். ஒன்றை மட்டும் வைத்தால், உரிய நேரத்தில் வந்த தரவையும் மறுநாள் வந்த தரவையும் பிரித்தறிய வழியில்லை. தாமதம் குற்றமன்று, ஆயின் தாமதம் தெரியாமற்போதல் கண்காணிப்பின் தோல்வியாகும்.

8. மறுமொழியும் பற்றுச்சீட்டும்

மறுமொழிக் குறியீடு, அனுப்பிய கருவி அடுத்துச் செய்ய வேண்டியதைச் சொல்ல வேண்டும். புது வளம் உருவானால் 201. கோப்பைப் பெற்றுச் சோதனை நிலுவையில் இருப்பின் 202. அளவு மிகின் 413. ஏற்காத வகையெனில் 415. வடிவம் சரியாக இருந்தும் அலகு இல்லாமை போன்ற பொருட்குறை இருப்பின் 422. நானூறுகளில் வருவன திருத்தாமல் மீண்டும் அனுப்பினால் பெரும்பாலும் பயன்படா. ஐந்நூறுகளில் வருவன சேவையகத்தின் குறை என்பதால் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பலாம். பிழையாயினும் எல்லாவற்றிற்கும் 200 தந்து, பிழையை உள்ளடக்கத்தில் மட்டும் எழுதும் சேவை, கருவியைத் தன் தரவு சேர்ந்துவிட்டது என நம்பச் செய்து அதன் சேமிப்பை அழிக்க வைக்கும்.

வெற்றி மறுமொழியில் குறிப்பு எண், பெறப்பட்ட நேரம், கோப்பின் ஹாஷ் மதிப்பு ஆகிய மூன்றும் இடம்பெறுதல் நன்று. ஹாஷ் என்பது கோப்பின் பைட்டுகளிலிருந்து கணிக்கப்படும் நிலையான நீளமுள்ள எண். கோப்பில் ஒரு பைட்டு மாறினும் அது மாறும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதிநியம் என்னும் சான்றுச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவுக்கு வேண்டும் சான்றிதழைக் கூறுகிறது. அதன் படிவத்தில் ஹாஷ் மதிப்பும் கேட்கப்படுகிறது. கோப்பைப் பெற்ற கணத்திலேயே அதனைக் கணித்துப் பதிந்திருந்தால், பின்னர் எழும் ஐயத்திற்கு இரு தரப்பாரிடமும் ஒரே விடை இருக்கும்.

இணைய அளவீடு நீர்ச் சட்டத்தின் 21ஆம் பிரிவு கூறும் சட்டமுறை மாதிரி எடுத்தலுக்கு மாற்றன்று. அவ்விதிப்படி எடுத்த மாதிரியின் பகுப்பாய்வே அச்சட்டத்தின் கீழ்ச் சான்றாக நிற்கும். எந்த நிலையத்திற்கு, எந்த வேளையில் சென்று மாதிரி எடுக்க வேண்டும் என்பதை இணைய அளவீடு காட்டும். அவ்வகையில் அதன் துல்லியம் சட்ட நடவடிக்கைக்கு முற்படு நிலையாகிறது.

9. முடிவுரை

கோப்புப் பதிவேற்றம் என்பது பைட்டுகளை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு நகர்த்துதல் மட்டுமன்று. தரவுக்கும் கோப்புக்கும் தனி வழி வகுத்தல், மாறாத அடையாளம் இடல், இன்மையைச் சுழியமாக்காமை, பெயரையும் வகையையும் நம்பாமை, ஒரு நிகழ்வை ஒருமுறை மட்டும் பதிதல், இரு நேரங்களையும் காத்தல், உரிய குறியீட்டோடு பற்றுச்சீட்டு தருதல் ஆகியவை சேர்ந்ததே அது. இவற்றுள் ஒன்றேனும் விடுபடின் தொழிற்சாலையும் இழப்புறும், உழவரும் இழப்புறுவர்: விதிப்படி இயங்கிய நிலையம் அதனை மெய்ப்பிக்க இயலாது; மாசுற்ற கிணற்றின் உரிமையாளர்க்கோ சுட்டிக்காட்டப் பதிவு இராது. தமிழ்ப் பெயர்களைத் தாங்கும் கோப்புகளின் இயல்பு வடிவம் குறித்த பகுதி, அரசு இணையச் சேவைகள் அனைத்திற்கும் விரித்து ஆராயத்தக்கது.